ஈரம் வெளியேற ஒரு வழி

மழை வெறித்துத் தை பிறந்துவிட்டால், ஏரல், முக்காணி, ஆத்தூர் பக்கத்து வண்டிகள் கொற்கையில் இருக்கும் என் பட்டறைக்கு வரத் தொடங்கும். பெரும்பாலும் குட்டியானை, இடையிடையே அதைவிடப் பெரிய லோடு வண்டி. எல்லாம் பந்தயக் குதிரையும் பந்தயக் காளையும் ஏற்றிப் போகிறவை. கோயில் கொடைக் காலம் முழுக்க ஊர் ஊராக ஓடியிருக்கும். ஐப்பசியில் மழை பிடித்ததும் தார்ப்பாயை இழுத்துக் கட்டித் தொழுவத்தின் ஓரமாக நிறுத்திவிடுவார்கள். தையில் அவிழ்த்துப் பார்த்தால் சுவர்ப் பலகை முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்திருக்கும். உள்ளே தொங்கவிட்ட சேணமும் கடிவாளமும் வெள்ளை படிந்து கிடக்கும்.

"அண்ணாச்சி, ஒரு கோட்டு பெயின்ட் மட்டும் அடிச்சுக் குடுத்துருங்க. பங்குனிக்குள்ள வண்டி வேணும்" என்பார்கள்.

பெயின்ட் டப்பாவை நான் தொடுவதில்லை. முதலில் பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மூச்சை இழுப்பேன். சாணி வாடையும் மூத்திர வாடையும் கழுவினால் போய்விடும். மக்கிய சருகு வாடை அடித்தால் பூசணம் பலகைக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும் இருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் பெயின்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகும். ஒரு மழைக்காலம் தாங்காது, கொப்பளித்து உரியும்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தொழில் பழகியவன் நான். அங்கே சரக்குக்குத்தான் பாடி கட்டினோம். சிமென்ட் மூட்டைக்கும் மஞ்சள் மூட்டைக்கும் மேலிருந்து நனையக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஊருக்குத் திரும்பி வந்து குதிரைக்கு வண்டி கட்ட ஆரம்பித்த பிறகுதான் இது வேறு தொழில் என்று தெரிந்தது. இந்தச் சரக்கு மூச்சு விடுகிறது, வியர்க்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு லிட்டர் மூத்திரம் போவது குதிரைக்குச் சாதாரணம். மேலிருந்து வரும் மழையை நிறுத்திவிடலாம். உள்ளிருந்தே பிறக்கும் ஈரத்தை எந்தக் கூரையும் நிறுத்தாது. அது வெளியேறுவதற்கு வழி விட வேண்டும். பூசணத்தைக் கொல்வது அரை நாள் வேலை. ஈரம் வெளியேறும்படி வண்டியை அமைப்பதுதான் என் தொழில் என்று நினைக்கிறேன்.

பூசணத்தின் வித்து காற்றில் எப்போதும் இருக்கிறது. அதை ஒழிக்க யாராலும் முடியாது. உட்கார்ந்து முளைக்க அதற்கு இரை வேண்டும், ஈரம் வேண்டும். இரைக்குப் பஞ்சமில்லை. மரமே இரை, மரத்தில் படிந்த வைக்கோல் தூசியும் வியர்வையும் இரை, தோலில் தடவிய எண்ணெயும் இரை. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த பலகை ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிட்டால் ஒன்றும் முளைக்காது. மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால், பூசணமும் வராது, உளுத்துப்போவதும் நடக்காது.

இந்த ஊரில் இதற்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. கொற்கையிலும் பழையகாயல் பக்கத்திலும் நிறையக் கிணறுகள் உவர்த் தண்ணீர். போர் போட்டாலும் அதே தண்ணீர்தான். குதிரை இறங்கியதும் மோட்டாரைப் போட்டு அந்தத் தண்ணீரால் வண்டியைச் சுத்தமாகக் கழுவுவார்கள். அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் தண்ணீர் காய்ந்த பிறகு உப்பு பலகையிலேயே தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீர் கோர்க்கும். அடுப்பங்கரை உப்பு ஜாடியில் எல்லாரும் பார்த்ததுதான். கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான் இருக்கும். ஆக ஒரு சொட்டு மழை உள்ளே விழாமலே, மூடிவைத்த வண்டியின் பலகை இரவெல்லாம் காற்றிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. அதிகம் கழுவிய வண்டியில் அதிகப் பூசணம் இருப்பதைப் பார்த்துப் பலர் ஆச்சரியப்படுவார்கள். நான் முதலில் கேட்பது எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்பதைத்தான்.

பலகையில் வெள்ளையாகத் தெரிவது எல்லாம் பூசணம் அல்ல. அதன் மேல் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். கரைந்து காணாமல் போனால் உப்பு. வழவழவென்று இழுபட்டால் பூசணம். இரண்டும் கலந்தே இருப்பதுதான் இங்கே அதிகம். உப்பை எடுக்காமல் பூசணத்தை மட்டும் எடுத்தால் பாதி வேலைகூட முடியவில்லை. ஆற்றுத் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ கொண்டு இரண்டு மூன்று முறை அலசினால்தான் உப்பு போகும். இதற்காகவே பட்டறைக் கூரையிலிருந்து மழைத் தண்ணீரை ஒரு தொட்டிக்கு இறக்கி வைத்திருக்கிறேன். வண்டிக்காரர்களிடமும் சொல்வது இதுதான்: உவர்த் தண்ணீரில் கழுவத்தான் வேண்டுமென்றால் கழுவுங்கள், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். நான்கு குடம் போதும்.

சுத்தம் செய்யும் முறைக்கு வருகிறேன். உலர்ந்த பூசணத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. வித்து அத்தனையும் கிளம்பிக் காற்றில் பறந்து வண்டி முழுக்க மறுபடி உட்காரும், தேய்ப்பவன் நெஞ்சுக்குள்ளும் போகும். பட்டறைப் பையன்களுக்கு என் முதல் கண்டிப்பு மூக்கில் முகமூடி. சாதாரணத் துணி போதாது, என் 95 வேண்டும். சாமான்கள் அத்தனையையும் வெளியே எடுத்து வெயிலில் போட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்துச் சுவரை நனைத்த பிறகே பிரஷ்ஷைத் தொட வேண்டும். மேலிருந்து கீழாகத் தேய்த்து அலசி நன்றாகக் காய விடுகிறோம். பிறகு கடையில் கிடைக்கும் வினிகரைத் தண்ணீர் கலக்காமல் தெளித்து ஒரு மணி நேரம் விடுவேன். பல வகைப் பூசணம் அதில் சாகும். அலுமினியத் தகட்டிலும் பெயின்ட் போன இரும்பிலும் அதை ஊறவிடக் கூடாது, உடனே துடைத்துவிட வேண்டும். கடைசியாகச் சட்டங்களுக்கும் தரையின் அடிப்பக்கத்துக்கும் வெங்காரக் கரைசல். பொற்கொல்லர் பட்டறையில் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே வெங்காரம்தான். தண்ணீர் ஆவியான பிறகும் அது மரத்தில் தங்கி மறுபடி பூசணம் வராமல் காக்கும். குதிரை நாக்கு படும் இடத்தில், தீவனத் தொட்டிப் பக்கத்தில் மட்டும் அதைப் பூசவே மாட்டேன். குதிரை சும்மா நிற்கும்போது பலகையை நக்கும், கடிக்கும்.

பிளீச்சிங் பவுடரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் அது இருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது, ஏரல் பாலம் சேதமாகிப் போக்குவரத்து அறுந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு தெருவெல்லாம் வெள்ளைப் பவுடர். அதையே வண்டிக்குள்ளும் அள்ளித் தூவினார்கள். குதிரை மூத்திரம் ஊறிய தரையில் அமோனியா இருக்கும். அதன் மேல் பிளீச்சிங் பவுடர் விழுந்தால் கிளம்பும் வாயு கண்ணை எரிக்கும், நெஞ்சை அடைக்கும். மூடிய வண்டிக்குள் அது ஆளையே விழவைத்துவிடும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது இன்னும் மோசம். இரும்பை அரிக்கும், அலுமினியத்தைக் கறுக்க வைக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை. அதுவும் போக, மரத்தில் அது பூசணத்தின் நிறத்தைத்தான் எடுக்கிறது. மேலே வெளுத்துவிடும், மரத்துக்குள் ஓடிய இழை அப்படியே உயிரோடு இருக்கும். பார்க்கச் சுத்தமாக இருப்பதால் அந்த வண்டியை யாரும் பட்டறைக்கும் கொண்டு வரமாட்டார்கள். என் பட்டறையில் பிளீச்சிங் பவுடர் இருக்கிறது, சிமென்ட் தரை கழுவ மட்டும்.

அந்த வெள்ளத்தில் முங்கிய வண்டிகளில் பூசணத்தைவிடப் பெரிய தொல்லை வண்டல். பாடிக்குச் சட்டமாக வைக்கும் பாக்ஸ் பைப்பின் உள்ளே தண்ணீரோடு வண்டல் புகுந்து உட்கார்ந்துவிட்டது. வெளியே பலகையெல்லாம் மாசி வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தும் வண்டிக்குள் வாடை போகவில்லை. பைப்பின் அடியில் துளை போட்டதும் கறுப்புச் சேறு வழிந்தது. அதற்குப் பிறகு நான் கட்டும் எந்த வண்டியிலும் பைப்பின் தாழ்ந்த முனையில் வடிதுளை இல்லாமல் விடுவதில்லை. 2021-இல் எங்கள் ஊரில் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது, துளையிட்ட சுடுமண் குழாய்களை ஒன்பது அடுக்காக நிறுத்தியிருந்ததைத் தோண்டியெடுத்தார்கள். தண்ணீர் வடிகட்டும் அமைப்பு என்றார்கள். பார்க்கப் போனவர்கள் பலரும் செங்கல் கட்டடத்தின் பக்கம் நின்றார்கள். என் கண் அந்தத் துளைகளை விட்டு நகரவில்லை.

தரைதான் எல்லாவற்றிலும் முக்கியம். சுவர்ப் பூசணம் பார்வைக்கு அசிங்கம், மூச்சுக்குக் கேடு. தரை உளுத்துப்போனால் ஓடும் வண்டியில் குதிரையின் கால் பலகையைத் துளைத்துக்கொண்டு சாலைக்கு இறங்கும். அப்படியொன்று நடந்தால் அந்தக் குதிரையை மீட்பது கடினம். ஆகவே எந்த வண்டி வந்தாலும் ரப்பர் மேட்டைத் தூக்கி, திருப்புளியால் பலகையை அங்கங்கே குத்திப் பார்ப்பேன். நல்ல மரத்தில் முனை நிற்கும். உளுத்த மரத்தில் இறங்கும். சுத்தியலால் தட்டினாலும் தெரியும், நல்ல பலகை கணீரென்று பேசும், போன பலகை பொத்தென்று கேட்கும். மேலே கறை மட்டும் இருந்து மரம் உறுதியாக இருந்தால் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். திருப்புளி இறங்கிய பலகைக்கு எந்த மருந்தும் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். இதில் நான் பேரம் பேசுவதில்லை.

ரப்பர் மேட் குதிரைக்கு நல்லது. வழுக்காது, மூட்டுக்கு அதிர்ச்சி குறையும். ஆனால் அதன் அடியில் இறங்கிய மூத்திரம் மேலே வர வழியில்லை. முழு மேட்டாகப் போட்டால் தூக்கக் கனம், இரண்டு ஆள் வேண்டும். பந்தயம் முடிந்து நடுராத்திரி வீடு திரும்புகிறவன் ஆளைத் தேடியா மேட்டைத் தூக்குவான்? அதனால் மேட்டை ஒரே ஆள் சுருட்டித் தூக்கும் அகலத்துக்கு அறுத்துக் கொடுக்கிறேன். அடியில் மரத்தைக் கெட்டியாக ஒட்டிப் போடாமல், பலகைக்குப் பலகை ஒரு சின்ன இடைவெளி விட்டு, பின்பக்கம் சாய்வு கொடுக்கிறேன். பிளைவுட் கேட்பவர்களுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை மட்டும்தான் போடுவேன். அதிலும் அறுத்த ஓரம்தான் தண்ணீர் குடிக்கும் வாய். ஓரத்துக்கும் போல்ட் போட்ட துளைக்கும் உள்ளே வரை பிரைமர் போக வேண்டும். மேல்முகம் பளபளவென்று இருந்து ஓரம் பச்சையாக இருந்தால் அந்தப் பிளை நாலு மழைக்குள் ஏடு ஏடாகப் பிரியும்.

எண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள். தூத்துக்குடித் தோணிகளின் பலகைக்கு மீன் எண்ணெய் பூசுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. போடலாம், பங்குனி, சித்திரை வெயிலில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மெல்லிசாகப் பூசி, மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். ஈர மரத்தில் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். தடிமனாகப் பூசினால் அந்த எண்ணெயையே பூசணம் தின்னும். சேணத்துக்கும் இதே விதிதான். விளக்கெண்ணெயைக் கைநிறைய அள்ளித் தேய்த்துத் தோலைப் பார்த்துக்கொள்வதாக நினைக்கிறார்கள். பூசணம் படிந்த தோலை முதலில் வெளியே கொண்டுபோய் ஈரத் துணியால் துடைத்து, சோப்பு போட்டு, நிழலில் காய வைத்து, அதன் பிறகு விரல்நுனி அளவு எண்ணெய். மழைக்காலத்தில் சேணத்தை வண்டிக்குள் வைக்காமல் வீட்டுக்குள் காற்றுப்படுகிற இடத்தில் தொங்கவிட்டால் போதும்.

இதெல்லாம் வண்டிக்காக என்று பலர் நினைக்கிறார்கள். வண்டியைவிட எனக்குக் குதிரையின் நெஞ்சு முக்கியம். குதிரைக்கு வாயால் மூச்சு விடத் தெரியாது, மூக்கு ஒன்றுதான் வழி. பூசண வித்து கலந்த காற்றை நாள்கணக்கில் இழுத்தால் இருமல் பிடிக்கும். சில குதிரைக்கு அது ஆஸ்துமாவாகவே நின்றுவிடும், பிறகு பந்தயத்தில் ஓட முடியாது. வண்டியில் தலையை உயர்த்திக் கட்டிவிட்டால் இன்னும் கெடுதல். தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழலில் சேரும் சளி வெளியே வழியும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கி ஒரு ராத்திரி முழுக்கத் தலையைக் கட்டியபடியே ஓட்டிவந்தவர்கள் உண்டு. காலையில் இறக்கும்போது குதிரை காய்ச்சலில் நடுங்கும். நடுவழியில் நிறுத்திக் கயிற்றைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த விட்டால் பெருமளவு தப்பிக்கலாம். இருமல் தொடர்ந்தால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் இராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொல்வேன்.

வைக்கோலையும் சொல்ல வேண்டும். பிசான அறுவடை மாசி, பங்குனி வெயிலில் வருகிறது, அந்த வைக்கோல் மணக்கும். கார் அறுப்பு சில வருஷம் மழையில் மாட்டிக்கொள்ளும். அந்த வைக்கோலை உதறினால் புகை போலக் கிளம்புவது முழுக்கப் பூசண வித்து. தரையில் பரப்பவும் கூடாது, தின்னக் கொடுக்கவும் கூடாது. தூசி அடங்க வைக்கோலை நனைத்து வலையில் கட்டித் தொங்கவிடுவது நல்ல பழக்கம்தான். இறங்கும்போது மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அந்த வலைதான் பூசணத்தின் நாற்றங்கால்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதி வைத்த குதிரைக் கப்பலை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கொற்கைத் துறை தூர்ந்து, காயல் பாண்டியரின் துறைமுகமாக இருந்த காலம். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து குதிரைகள் இந்தக் கரையில்தான் இறங்கின. ஹோர்முஸ் கப்பலுக்கு மேல்தளமே கிடையாது, சரக்கை ஏற்றி அதன் மேல் தோல் விரித்து, அந்தத் தோலின் மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவந்தார்கள் என்கிறார் அவர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வருஷத்துக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார், வழியில் செத்ததற்கும் விலை உண்டு என்று ஒப்பந்தத்தைச் சொல்கிறார். அரசர் வருஷத்துக்கு 2,000-க்கு மேல் வாங்கியும், முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதிய போலோ, காரணமாகச் சொல்வது பராமரிப்புத் தெரியாமையை. தீவனத்தையும் வைத்தியர் இல்லாததையும் அவர் பேசுகிறார். பாடி கட்டுகிறவனாக நான் பார்ப்பது வேறொன்றையும் சேர்த்து: அத்தனை நாள் கடலில் வந்த குதிரைகள் திறந்த காற்றில் நின்றன. இந்தச் சமவெளியின் மழைமாதத்தில் காற்றுப் புகாத லாயத்தில் அவை என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதனால்தான் கூரை போட்டுப் பெட்டியாக மூடித்தரச் சொல்கிறவர்களிடம் வாதாடுகிறேன். குதிரையின் மூச்சும் வியர்வையும் ராத்திரிக் குளிரில் தகரக் கூரையில் மோதிச் சொட்டுச் சொட்டாகத் திரும்பி விழும். கூரை வேண்டும், மழைக்கும் வெயிலுக்கும். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு சாண் திறப்பு விட்டு, சாரல் அடிக்காமல் சரிவுப் பலகை வைக்கிறேன். காற்று நேராகக் குதிரையின் கண்ணில் அடிக்கக் கூடாது, தலைக்கு மேலே குறுக்கே ஓட வேண்டும். 2015-இல் திருத்திய மோட்டார் வாகன விதி ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம் கேட்கிறது. குட்டியானையில் ஒன்று சௌகரியமாக நிற்கும். இரண்டைத் திணிப்பது விதிக்கும் விரோதம், காற்றுக்கும் விரோதம்.

நிறுத்தி வைப்பதிலும் முறை உண்டு. மழைமாதத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். வண்டியின் முகத்தை வடகிழக்குக்குக் காட்டி நிறுத்தினால், சாரலை டிரைவர் கேபின் வாங்கிக்கொள்ளும். பின்கதவைத் தென்மேற்கில் திறந்தே வைக்கலாம். முன் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து ஏற்றி வைத்தால், உள்ளே விழுந்த தண்ணீர் தானாகப் பின்னால் வடியும். தார்ப்பாயை நான்கு பக்கமும் தரைவரை இழுத்துக் கட்டாமல், கீழே ஒரு சாண் விட்டுக் கட்ட வேண்டும்.

மழைக்கு முன்பே வந்தால் இன்னும் நல்லது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று பலகையை இழுத்து மூட்டுகளில் விரிசல் விட வைக்கும். ஐப்பசி மழை புகுவது அந்த விரிசல் வழியாகத்தான். ஆவணியில் வண்டியைக் கொண்டு வந்தால் விரிசலை அடைத்து, ஓரங்களுக்குப் பிரைமர் கொடுத்து, மேட்டுக்கு அடியைப் பார்த்து இரண்டு நாளில் அனுப்பிவிடுவேன். செலவு தையில் ஆவதில் நாலில் ஒரு பங்குகூட வராது.

போன ஆவணியில் ஏரல் பக்கத்துத் தம்பி ஒருவர் அப்படிக் கொண்டுவந்தார். மழை முடிந்து தையில் அவர் வரவில்லை. போன் போட்டுக் கேட்டேன்.

"ஒண்ணும் வரல அண்ணாச்சி. பின்கதவை மூடவே இல்ல. கோழிதான் உள்ள ஏறி அடை படுத்துருச்சு."

குஞ்சு பொரித்து இறங்கியதும் தரையை நல்ல தண்ணீரில் அலசச் சொன்னேன். கோழி எச்சத்திலும் அமோனியா உண்டு, பிளீச்சிங் பவுடர் பக்கம் போக வேண்டாம் என்றும் சொன்னேன்.